ரோஸ் சட்டை போட்டால் யாருக்கு என்ன லாபம்?

2024 டிசம்பர் 14, சனி

நம் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியைப் பற்றி, டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படியே தருகிறேன்: “வருஷத்துக்கு ஒரு நாள் நம் அணி பச்சையைக் கழற்றிவிட்டு ரோஸ் போட்டு ஆடுகிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வாம். சட்டை விற்கிறவனுக்கு லாபம், விளம்பரம் போடுகிறவனுக்கு லாபம். நோயாளிக்கு என்ன? பச்சையிலேயே ஆடட்டும். கொடுக்கிற காசைச் சத்தமில்லாமல் கொடுக்கட்டும்.”

தம்பி, நான் இதற்கு நேர் எதிர். 22ஆம் தேதி ஜொஹானஸ்பர்க் வாண்டரர்ஸில் பாகிஸ்தானோடு ரோஸ் ஆட்டம். டிக்கெட் எடுத்தாயிற்று. 2013 மார்ச் 17 அன்று இதே பாகிஸ்தானோடு ரோஸ் போட்டு ஆடியபோதும் நான் அங்கே இருந்தேன். ஆம்லா 122, டிவில்லியர்ஸ் 128. மூன்றாவது விக்கெட்டுக்கு இரண்டு பேரும் சேர்த்தது 238, அன்றைக்கு அது உலக சாதனை. சுற்றிலும் ரோஸ் தொப்பி, ரோஸ் விக், ரோஸ் குடை. ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து போன எங்கள் வேனில் பதினோரு பேர். ஒருவர்கூட வேறு நிறம் போடவில்லை.

ரோஸ் போட்டால் நம் ஆட்கள் தோற்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 14, இரவு

மேலே கடைசி வரி தவறு. என் மகன் படித்துவிட்டு உடனே கூப்பிட்டான். 2019 ஜனவரியில் பாகிஸ்தானிடம் எட்டு விக்கெட்டில் தோற்றிருக்கிறோம், அன்று நாம் எடுத்தது 164. 2020இல் இங்கிலாந்திடம் தோற்றோம். போன டிசம்பரில் இந்தியாவிடம் 116க்கு மொத்தமும் அவுட். அதை நானே பார்த்தேன், அர்ஷ்தீப் சிங் ஐந்து விக்கெட். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ஜெயித்த ஆட்டங்கள்தான் மனதில் தங்குகின்றன போலிருக்கிறது.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று எழுதியதில் மைதானம் இருந்தது, விஷயம் இல்லை. இன்று விஷயத்தை எழுதுகிறேன்.

எங்கள் அம்மா 1989இல் இறந்துபோனார். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் வீட்டில் இருந்தோம், அப்போது எனக்கு 24 வயது. “அம்மாவுக்குக் கட்டி” என்று மட்டும் சொன்னார்கள். எங்கே கட்டி என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இறப்புச் சான்றிதழை வாங்கப் போனபோதுதான் அந்தச் சொல்லைப் படித்தேன். மார்பு. வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பதில் “நெஞ்சு” என்பார்கள். நெஞ்சு வலி, நெஞ்சுச் சளி, எல்லாம் ஒன்றுதான். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களா என்றும் தெரியாது. அக்காவைக் கேட்டால், அவர்களும் பேசிக்கொள்ளவில்லை என்கிறாள்.

இப்போது 2015 ஜனவரி 18க்கு வருகிறேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வெஸ்ட் இண்டீஸோடு ரோஸ் ஆட்டம். அன்று நான் மைதானத்துக்குப் போகவில்லை, விடுமுறைக்குச் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டில் இருந்தேன். ஆம்லாவும் ருஸ்ஸோவும் முதல் விக்கெட்டுக்கு 247 சேர்த்துவிட்டு, முப்பத்தொன்பதாவது ஓவரில் ருஸ்ஸோ அவுட். டிவில்லியர்ஸ் இறங்குகிறார். ஹாலில் ஒரே கூச்சல். அப்போது அக்காவின் பேத்தி, ஏழு வயசு, டிவியைக் காட்டிக் கேட்டாள்: “ஆயா, எல்லாரும் ஏன் ரோஸ் போட்டிருக்காங்க?”

ஆண்கள் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அக்காதான் சொன்னாள், பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி நிதானமாக: “பொம்பளைங்களுக்கு மார்பிலே கட்டி வரும்மா. வந்தா மறைக்காம டாக்டர்கிட்டப் போகணும். அதைச் சொல்லத்தான் இந்தக் கலர்.”

சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். மருமகள் பின்னாலேயே போனாள். இங்கே ஹாலில் 31 பந்தில் சதம், உலக சாதனை, பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். அங்கே சமையலறையில் அக்கா மருமகளிடம் தன் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளியிலிருந்தே அந்தக் கட்டி இருந்திருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று மாதம். யாரிடமும் சொல்லவில்லை. “பிள்ளைக்குச் சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது, அப்புறம் மறைக்க முடியலை” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

டிவில்லியர்ஸ் 44 பந்தில் 149 எடுத்து அவுட் ஆகி வருவதற்குள் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி முடித்திருந்தாள்.

அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் ஆயிற்று. அக்காவுக்கு இப்போது 63. நேற்று போனில் என்னைத் திட்டினாள், அதுவே போதும்.

தம்பி, சத்தமில்லாமல் கொடுக்கட்டும் என்றீர்கள். எங்கள் அம்மாவைக் கொன்றது சத்தமில்லாமைதான்.

2024 டிசம்பர் 17, செவ்வாய்

தம்பி பதில் போட்டிருக்கிறார். “அண்ணே, அக்கா நல்லா இருக்கணும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அக்கா வாய் திறந்தார்கள். அதற்கப்புறம் எத்தனை நாள் காத்திருந்தார்கள்? அந்தக் காத்திருப்பை எந்தச் சட்டை குறைத்தது?”

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுடுகிற கேள்வி. ஜனவரியில் சொன்னாள். அறுவை நடந்தது ஜூலையில். எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன், அங்கே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நர்ஸுகள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று தடவை தேதி தள்ளிப் போனது உண்மை. ஒரு தடவை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு டாக்ஸி (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகிற வேன்) மாறிப் போய், மத்தியானம் வரை பெஞ்சில் இருந்து, “அடுத்த மாதம் வாங்க” என்று கேட்டுத் திரும்பி வந்தாள். அத்தானுக்கு வேலைக்கு லீவு கிடையாது. மருமகளுக்குக் கைக்குழந்தை. நான் ஜொஹானஸ்பர்க்கில். தனியாகப் போனாள், தனியாக வந்தாள்.

அந்த வருஷம் முழுக்க என் அலமாரியில் இரண்டு ரோஸ் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அது பாதிதான்.

2024 டிசம்பர் 19, வியாழன்

இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். தம்பியின் பக்கத்துக்கு வலு சேர்க்கிற கதை, அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அது ரோஸே இல்லை. அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்று ஒரு பெண்மணி, வயது 68. அவர் குடும்பத்தில் பாட்டி, அக்கா, மகள் மூவருக்கும் மார்பகப் புற்றுநோய். 1990களின் தொடக்கத்தில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்தார். ஒவ்வொரு ரிப்பனோடும் ஒரு அட்டை. அந்த அட்டையில் கணக்கு: தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோயைத் தடுக்கும் ஆராய்ச்சிக்குப் போவது நூற்றுக்கு ஐந்துதான், இந்த ரிப்பனை அணிந்து ஆட்சியாளர்களை எழுப்புங்கள் என்று. ஆயிரக்கணக்கில் கையால் கொடுத்திருக்கிறார்.

1992இல் ஒரு பெண்கள் பத்திரிகையும் ஒரு அழகுசாதனக் கம்பெனியும் இந்த ரிப்பனைப் பெரிய அளவில் கொண்டுபோக அவரிடம் கேட்டார்கள். வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். கேட்டவர்களுக்கு வக்கீல்கள் யோசனை சொன்னார்கள்: வேறு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்ததுதான் ரோஸ்.

ஆக, நிறம் பிறந்தபோது அதோடு ஒரு கணக்குச் சீட்டு இருந்தது. நிறம் மாறினபோது சீட்டு கழன்றுவிட்டது. இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

2024 டிசம்பர் 20, வெள்ளி

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு.

சென்னையிலிருந்து ஒருவர் 2019இல் கொல்கத்தாவில் ஆடிய ரோஸ் பந்து டெஸ்டைச் சொல்கிறார். அது வேறு. விளக்கொளியில் சிவப்புப் பந்து கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பந்தும் ஆகாது, அதனால் ரோஸ். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவரே இன்னும் மூன்றைச் சொல்கிறார். பெங்களூர் அணி 2011 முதல் சீசனுக்கு ஒரு ஆட்டம் மரத்துக்காகப் பச்சை போடுகிறது. குஜராத் அணி 2023 முதல் புற்றுநோய்க்காக லாவண்டர் நிறம். சென்னை அணி 2021இல் தோளில் ராணுவ உடைக் கோலம் வைத்தது. இதில் எதற்கு என்ன பணம் எங்கே போனது என்று அங்கே இருக்கிறவர்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் நன்றாக இருக்காது.

ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்தலாமா என்று டர்பனிலிருந்து ஒருவர் கேட்கிறார். ஆம்லாவை நினைத்துப் பாருங்கள். நம்ம டர்பன் பிள்ளை. அணிக்குப் பீர் கம்பெனி விளம்பரம் கொடுத்த காலத்தில் அந்தச் சின்னம் இல்லாத சட்டையைத்தான் போட்டார், சண்டையில்லாமல், மேடையேறிப் பேசாமல். 2021 அக்டோபரில் துபாயில் இனவெறிக்கு எதிராக மண்டியிட வேண்டும் என்று வாரியம் உத்தரவு போட்டபோது டிகாக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகினார், இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். உடம்பில் போடுவதும் உடம்பால் செய்வதும் ஒருவருடைய மனதோடு ஒட்டியவை. ரோஸுக்கு அந்தச் சிக்கல் இதுவரை வரவில்லை. யாருக்கும் பகை இல்லாத நிறம். அதுவே அதன் பலவீனமோ என்று இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. யாரிடமும் எதுவும் கேட்காத நிறத்துக்கு யார்தான் மறுப்புச் சொல்வார்கள்?

2024 டிசம்பர் 20, மறுபடியும்

கறுப்பை விட்டுவிட்டேன். 2022 ஜனவரியில் நம் பெண்கள் அணி வாண்டரர்ஸில் வெஸ்ட் இண்டீஸோடு கறுப்பு உடை போட்டு ஆடியது, பெண்கள் மீது நடக்கும் வன்முறைக்கு எதிராக. ஆட்டம் சமனில் முடிந்து சூப்பர் ஓவர் வரை போய்த் தோற்றோம். என் மகள் அன்று போயிருந்தாள். ரோஸ் ஆட்டத்துக்கு நிரம்புகிற மைதானம் அன்று எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

2024 டிசம்பர் 23, திங்கள்

நேற்று போய் வந்தேன். தோற்றோம். மழையால் 47 ஓவர் ஆட்டம். சைம் அயூப் 101, கிளாசன் நம் பக்கத்தில் 81, கடைசியில் 36 ரன் வித்தியாசம். சொந்த மண்ணில் ஒருநாள் தொடரில் எல்லா ஆட்டங்களையும் நாம் தோற்றது இதுவே முதல் தடவை. புதுப் பையன் கார்பின் பாஷ் கடைசி வரை நின்று 40 எடுத்தான். அது ஒன்றுதான் ஆறுதல்.

என் வரிசையில் ரோஸ் போட்டிருந்த நாலைந்து பேரிடம் கேட்டேன்: இந்தப் பணம் எங்கே போகிறது தெரியுமா? ஒரு பெரியவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஜொஹானஸ்பர்க் சார்லட் மக்ஸேக்கே மருத்துவமனையின் மார்பக சிகிச்சைப் பிரிவு. பல வருஷமாக ரோஸ் ஆட்டத்தின் உதவி அங்கே போகிறது. மற்றவர்கள் “ஏதோ கேன்சருக்கு” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், 2013இல் என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இங்கேயும் ஒரு சார்லட் வந்துவிட்டார், கவனித்தீர்களா? சார்லட் மக்ஸேக்கே அமெரிக்காவில் பட்டம் வாங்கியவர், இந்த நாட்டின் முதல் கறுப்பினப் பெண் பட்டதாரி. 1913இல் புளூம்ஃபொன்டைனில் கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்ற பாஸ் சட்டத்துக்கு எதிராகப் பெண்களைத் திரட்டியவர். இரண்டு சார்லட்டும் கேட்டு வாங்குகிற பெண்கள்.

இன்னொன்று. 2018 பிப்ரவரியில் இந்தியாவோடு ரோஸ் ஆட்டம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஆறு ஆட்டத் தொடரில் நாம் ஜெயித்தது அது ஒன்றுதான். மற்ற நாட்களில் லெனேசியாவில் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். பழைய காலத்தில் வெள்ளையர் மட்டும் ஆடிய தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக, வந்த அணிக்குக் கைதட்டிப் பழகிய அப்பாக்கள் இந்தியா பக்கம், பிள்ளைகள் பச்சைச் சட்டைப் பக்கம். அந்த ரோஸ் நாளில் என் மாமனார், அப்போது அவருக்கு 81, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தென்னாப்பிரிக்க அணியின் சட்டையைப் போட்டார். “இது அவங்க சட்டை இல்லை, உன் அக்கா சட்டை” என்றார். எங்களோடு வேனில் வந்தார். தம்பி, இதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

2024 டிசம்பர் 27, வெள்ளி

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். நாற்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நீளமான கடிதம். முதல் பாதி நம் எல்லாருக்கும் பாடம். அதன் சாரம் இது: கட்டி என்றால் வலிக்கும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள், பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். தோலில் குழி விழுவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ வருவது, ஒரு பக்கம் மட்டும் உருவம் மாறுவது, அக்குளில் கட்டி, இதெல்லாமும் அடையாளம்தான். மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்துத் தொட்டுப் பார்ப்பது நல்லது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, ஆனால் எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் வரும், நூறு பேரில் ஒருவர் ஆண். அந்த ஒருவர் ரோஸ் நிறத்தைப் பார்த்து “நமக்கில்லை” என்று இருந்துவிடுகிறார். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது.

இரண்டாம் பாதியில் எச்ஐவி காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். “தம்பி, நீங்கள் சட்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஒரு சட்டையைச் சொல்கிறேன்” என்று தொடங்குகிறார். வெள்ளை டி-சட்டை, நெஞ்சில் ‘எச்ஐவி பாசிட்டிவ்’ என்று பெரிய எழுத்து. சிகிச்சைக்காகப் போராடிய டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் அமைப்பு அதைப் பரப்பியது. நோய் இருக்கிறவரும் போட்டார், இல்லாதவரும் போட்டார். யார் யார் என்று பிரிக்க முடியாது. 2002 டிசம்பரில் மண்டேலா கேப் டவுன் பக்கத்துக் கயெலிட்ஷாவுக்குப் போய் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். அதே வருஷம் ஜூலையில்தான் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு கொடுக்க வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வழக்குப் போட்டது இவர்கள்தான்.

அந்தச் சட்டையை எங்கே பார்த்தாலும் பின்னால் ஒரு கேள்வி நின்றது: மருந்து எங்கே? கேட்கப்பட்டவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அதே அமைப்போடு சேர்ந்து ஈஸ்ட் லண்டன் பக்கத்து டொபேக்கா டாக்கி என்ற பெண் போராடினார். அவருக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். டிரஸ்டுஸுமாப் என்ற மருந்து தேவைப்பட்டது. ஒரு வருஷச் சிகிச்சைக்குக் கிட்டத்தட்ட 5 லட்சம் ராண்ட் விலை. கிடைக்கவில்லை. மருந்துக் காப்புரிமைச் சட்டத்தை மாற்றுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். 2016 நவம்பரில் இறந்துபோனார். அந்த வருஷமும் பிப்ரவரியில் நாம் ரோஸ் ஆட்டம் ஆடினோம், கிறிஸ் மோரிஸ் விளாசியதில் ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க இங்கிலாந்தை ஜெயித்தோம், நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன். டொபேக்கா டாக்கியின் பெயரை அந்த அம்மாவின் கடிதத்தில்தான் முதல் தடவை படிக்கிறேன்.

2024 டிசம்பர் 28, சனி

சாட்ஸ்வொர்த்துக்குப் போன் போட்டு, மேலே உள்ள எல்லாவற்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். டொபேக்கா டாக்கியின் பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இன்று சிட்னியில் ரோஸ் டெஸ்ட் முடிந்தது. மூன்றாம் நாளிலேயே இந்தியாவை ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயித்துவிட்டது. பும்ராவுக்கு முதுகுப் பிடிப்பு, பந்து போடவே வரவில்லை.

அங்கே இந்த வழக்கம் 2009 ஜனவரியில் தொடங்கியது. கிளென் மெக்ராவின் மனைவி ஜேன் 2008 ஜூனில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த சிட்னி டெஸ்ட் ரோஸ் டெஸ்ட். எதிரில் ஆடியது நாம்தான்! நம் கேப்டன் கிரேம் ஸ்மித் உடைந்த கையோடு, இரவல் சட்டை போட்டுப் பதினோராவது ஆளாக இறங்கிய ஆட்டம் அது. இன்னும் பத்துப் பந்து நின்றிருந்தால் டிரா. மைதானமே எதிரணிக் கேப்டனுக்கு எழுந்து நின்று கைதட்டியது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அங்கே மெக்ரா அறக்கட்டளை சேர்க்கிற பணம் போவது நர்ஸுகளுக்கு. புற்றுநோய் வந்தவருக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் நர்ஸ், நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் ஆட்டக்காரர்கள் ரோஸ் தொப்பியைக் கழற்றி மெக்ராவிடம் கொடுக்கிறார்கள். தொப்பி எங்கே போகிறது, பணம் எங்கே போகிறது, எல்லாம் சாதாரண ரசிகனுக்குத் தெரிகிறது. “ஏதோ கேன்சருக்கு” என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவோடு அந்தப் பெஞ்சில் உட்கார அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால்!

2025 ஜனவரி 12, ஞாயிறு

தைப்பூசம் பிப்ரவரி 11. வீட்டில் விரதத்துக்குப் பேச்சு தொடங்கிவிட்டது. மகன் இந்த வருஷம் காவடி எடுக்கிறான்.

நமக்கும் நிறம் புதிதில்லை. மஞ்சள் துணியும் மஞ்சள் கயிறும் எதற்கு? காப்புக் கட்டிவிட்டால் அப்புறம் அவர் வெறும் ஆள் இல்லை. கவிச்சி கிடையாது, கோபம் கிடையாது, வெளியூரில் ராத்தங்கக்கூடப் பெரியவர்கள் விட மாட்டார்கள். நேர்ந்துகொண்டதைச் செய்து முடித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்க முடியும். மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஆயா காதைப் பிடித்துத் திருகியிருப்பார்.

தம்பி, நீங்கள் பச்சையிலேயே ஆடட்டும் என்றீர்கள். நான் ரோஸ் இருக்கட்டும் என்றேன். இப்போதும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன், ஆனால் காப்பு மாதிரி இருக்கட்டும். போட்டவர் எதைச் செய்யப் போகிறார் என்று போடும்போதே சொல்லிவிட வேண்டும். செய்து முடித்ததும் சொல்ல வேண்டும்.

இதை வாய்ப்பேச்சாக விட முடியாமல் நேற்று எங்கள் கிளப்பில் பேசினேன். லெனேசியாவில் நாங்கள் ஐம்பது தாண்டிய கிழவர்கள் ஞாயிறு ஆடுகிறோம். போன மாதமே பிப்ரவரி ஆட்டத்துக்கு ரோஸ் சட்டை தைக்க முடிவாகியிருந்தது. 14 பேர், சட்டைக்கு 350 ராண்ட், மொத்தம் 4,900. அதை முன்மொழிந்தவனே நான்தான். அதை நானே வேண்டாம் என்றதும் ஒரே சத்தம். விக்கெட் கீப்பர், என் கூட முப்பது வருஷமாக ஆடுகிறவர், எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனைவியும் இதே நோயில் போனவர். அவருக்கு அந்தச் சட்டை வேண்டும். மனைவியின் பெயரைச் சொல்லாமல், சத்தமில்லாமல், உடம்பில் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும். எனக்கு அது அந்த நேரத்தில் புரியவில்லை.

ராத்திரி அவர் வீட்டுக்குப் போனேன். டீ குடித்தோம். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம்.

முடிவு இது: சட்டை அவருக்கு மட்டும், எங்கள் தனிச் செலவில். மற்றவர்களுக்குக் கையில் ஒரு ரோஸ் துணிப்பட்டை. அந்த 4,900 ராண்ட் அப்படியே டாக்ஸிக்கு. எங்கள் வட்டாரத்திலிருந்து சிகிச்சைக்குப் போகிற பெண்களுக்குப் போக வர 60 ராண்ட் ஆகிறது. எண்பது தடவை போய் வரலாம்.

அக்காவிடம் சொன்னேன். “கீமோ முடிஞ்சு டாக்ஸியில நாலு பேர் நடுவில நசுங்கிக்கிட்டு, வாந்தியை அடக்கிக்கிட்டு வருவேன். முன் சீட்டுக்கும் சேர்த்துக் காசு குடுங்க” என்றாள்.

2025 ஜனவரி 13, திங்கள்

அக்கா சொன்னதைச் சேர்த்தால் எண்பது தடவை வராது. கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று ஆடினோம். 22 ரன்னில் தோற்றோம். ஸ்கோர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பணக் கணக்கை எழுதி, டீ மேசையில் திறந்து வைத்தோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எத்தனை பயணம். கீப்பர் ரோஸ் சட்டையில் மூன்று கேட்ச் பிடித்தார். எதிரணியில் ஒரு பையன் அவரிடம் “ஏன் அங்கிள் நீங்க மட்டும் ரோஸ்?” என்று கேட்டான். கீப்பர் மனைவியின் பெயரைச் சொல்லி, நோயின் பெயரையும் சொன்னார். நான் ஸ்லிப்பில் நின்றுகொண்டு கேட்டேன்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

பீனிக்ஸ் தம்பி 300 ராண்ட் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு வரி: “பச்சைச் சட்டைக்காரன் கொடுத்தது என்று எழுதுங்கள், அண்ணே.” எழுதியாயிற்று.

முதல் பயணம் செவ்வாய்க்கிழமை நடந்தது. போன பெண்மணி திரும்பி வந்து கணக்கு எழுதுகிறவரிடம் சொன்னாராம்: காசு இருந்தது, முன் சீட்டும் கிடைத்தது, ஆனால் ஊசி போட்ட கையோடு தனியாகத் திரும்பி வர பயமாக இருந்தது. கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் டாக்ஸிக் காசு வேண்டும். ஆக ஒரு பயணத்துக்கு மூன்று சீட்டு. எண்பது என்று நான் எழுதியது இருபத்தேழாகிறது.

காசை எப்படியாவது சேர்த்துவிடுவோம். கூடப் போக ஆள்தான் வேண்டும். செவ்வாய், வியாழன், காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மாலை மூன்று மணிக்குத் திரும்ப முடிகிறவர்கள், லெனேசியாவிலோ எனர்டேலிலோ இருந்தால், கீழே எழுதுங்கள். செவ்வாய்க்கு என் மனைவி போகிறாள். வியாழக்கிழமைக்கு இன்னும் யாரும் இல்லை.